80 எழுத்து, 24 வரி

விடி-220 என்று சொன்னால் இன்றைக்குச் சளி மாத்திரையா என்று கேட்பார்கள். 1980-களின் கடைசியில் மெட்ராஸில் ஒரு கம்பெனியின் இ.டி.பி. என்கிற தரவுச் செயலாக்கப் பிரிவில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது எங்களுக்கு அதுதான் கம்ப்யூட்டர். உண்மையில் அது கம்ப்யூட்டரே இல்லை. ஒரு பிக்சர் டியூப், ஒரு விசைப்பலகை, பின்னால் ஒரு கேபிள், அவ்வளவுதான். கேபிளின் மறுமுனை ஏ.சி. அறைக்குள் போகும். நிஜ இயந்திரம் அங்கே இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். வெளியே மேசைகளில் உட்கார்ந்திருந்தவை டெர்மினல்கள். நாங்கள் வைத்த பெயர் டப்பா. விடி-220-ஐ அமெரிக்காவின் டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன் 1983-இல் வெளியிட்டது. 1978-இல் அவர்களே கொண்டுவந்த விடி-100-க்குத் தம்பி முறை.

மேல்வரிசையில் எஃப்-3 விசைக்கு 'செட்-அப்' என்று இன்னொரு பெயர் உண்டு. அதை அழுத்தினால் டப்பா தன் கேள்விகளைத் திரையில் விரிக்கும். வரிக்கு 80 எழுத்தா, 132 எழுத்தா? இருட்டில் வெளிச்ச எழுத்தா, வெளிச்சத்தில் இருட்டு எழுத்தா? கர்சர் கட்டையாக இருக்கட்டுமா, அடிக்கோடாக இருக்கட்டுமா? வரி நிறைந்தால் மிச்சம் அடுத்த வரிக்குப் போகலாமா? திரை மேலே ஏறும்போது வழுக்கி ஏறட்டுமா, துள்ளி ஏறட்டுமா? திரை அமைப்பு என்று சொல்லிக்கொள்ள இருந்தது ஏறக்குறைய இவ்வளவுதான். எழுத்துரு எங்களுக்கு வாய்த்தது ஒன்றே ஒன்று. எழுத்து பெரிதாக வேண்டுமென்றால் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொள்ளலாம். நிறம், டப்பாவை வாங்கிய அன்றே முடிவாகிவிட்ட விஷயம்.

இந்தச் சில கேள்விகள் ஓர் அலுவலகத்தை ரெண்டுபடுத்தப் போதுமானவையாக இருந்தன.

எங்கள் தலைமை ஆபரேட்டர் எஃப்-3 விசையை யாரும் தொடக்கூடாது என்று சட்டம் போட்டிருந்தார். சட்டம் போதவில்லை. ஒரு நாள் எல்லா டப்பாக்களிலும் அந்த ஒரு விசையின் மூடியை மட்டும் நெம்பி எடுத்து, மேசை டிராயரில் போட்டுப் பூட்டிவிட்டார். அதற்குப் பிறகு திரையில் எதையாவது மாற்ற வேண்டுமென்றால் அவரிடம் போய் நிற்க வேண்டும். காரணம் கேட்பார். காரணம் பிடித்திருந்தால் எழுந்து வந்து, பால்பாயின்ட் பேனாவின் முனையால் அந்தக் குழியில் குத்தி மாற்றிக் கொடுப்பார்.

அதிகமாக வந்து நின்றவர் கணக்குப் பிரிவுப் பெரியவர். அவருக்கு 132 வேண்டும். காரணம் வலுவானது: லைன் பிரிண்டரின் அகலத் தாளில் வரிக்கு 132 எழுத்து. லெட்ஜர் தாளில் எப்படியோ திரையிலும் அப்படியே இருந்தால்தான் ஆடிட்டரிடம் பேச முடியும். பேனா குத்தியது. டப்பா அதே 12 அங்குலக் கண்ணாடிக்குள் 132 எழுத்துகளையும் நெருக்கி நிறுத்தியது.

"என்ன தம்பி இது, எழுத்தெல்லாம் எறும்பா ஊருது?"

"சார், அகலம் கேட்டீங்களே. இதுதான் சார் அகலம்."

"அகலம் கேட்டா அகலத்தைக் குடு. எழுத்தை எதுக்கு ஒல்லியாக்குறே?"

நியாயமான கேள்வி. கண்ணாடியிடம் பதில் இல்லை. கடைசியில் மாத முடிவுக்கு மட்டும் 132, மற்ற நாட்களுக்கு 80 என்று சமரசம் ஆயிற்று. அந்த 80 எங்கிருந்து வந்தது என்று அன்று யாரும் கேட்கவில்லை. ஐ.பி.எம். நிறுவனம் 1928-இல் கொண்டுவந்த துளை அட்டையில் 80 பத்திகள். அட்டை போன பிறகும் அதன் அகலம் போகவில்லை. ஏறி வந்து கண்ணாடியில் உட்கார்ந்துகொண்டது. 80-ஐ 24 வரியால் பெருக்கினால் 1,920. இரண்டு கிலோபைட் நினைவகத்தில் மிச்சம் வைத்து அடங்கும். இப்போது ஒரு செல்பேசிப் படத்தின் ஓரத்தைக்கூட அந்த இரண்டு கிலோபைட்டில் வைக்க முடியாது.

வழுக்கலா துள்ளலா என்பது இதைவிடப் பெரிய தகராறு. 9,600 பாட் வேகத்தில் ஓடும் கேபிளில் நொடிக்கு 960 எழுத்து வரும். நிறைந்த வரிகளானால் 12 வரி. துள்ளல் முறையில் அவை சடசடவென்று ஏறி மறையும். கண்ணுக்கு ஒன்றும் பிடிபடாது. வழுக்கல் முறையில் நொடிக்கு ஐந்தாறு வரிதான் ஏறும். படித்துக்கொண்டே போகலாம். கணினி அவசரப்பட்டால் டப்பா 'பொறு' என்று ஒரு குறியை அனுப்பி அதை நிறுத்தி வைக்கும். மூச்சு விட்டுக்கொண்டதும் 'ம்' என்று இன்னொரு குறி. ஆனால் பெரிய அறிக்கை ஒன்று அப்படி ஏறி முடிய, கேன்டீனுக்குப் போய் டீ குடித்துவிட்டே வந்துவிடலாம். ஆகவே டீ குடிப்பவர்கள் எல்லாம் வழுக்கல் கட்சி. தாம்பரம் மின்சார ரயிலைப் பிடிக்க வேண்டியவர்கள் துள்ளல் கட்சி. சேர்ந்து ஒரு டப்பாவைப் பயன்படுத்திய இரு மேசைகளுக்கு இடையே இதனால் பேச்சுவார்த்தை நின்றுபோனது உண்டு.

அந்தப் 'பொறு' குறிக்கு விசைப்பலகையிலும் வழி இருந்தது: கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு எஸ் தட்டினால் போதும், திரை அப்படியே உறைந்துவிடும். தெரியாமல் கை பட்டவர்கள் 'சிஸ்டம் தொங்கிடுச்சு' என்று எழுந்து நிற்பார்கள். கன்ட்ரோலோடு க்யூ தட்டினால் உயிர் வரும். இந்த ஒரு விஷயத்தில் காலம் நகரவே இல்லை. இன்றும் யூனிக்ஸ் வழி வந்த இயந்திரங்களில் புதிதாக வேலைக்கு வந்த பிள்ளை கோப்பைச் சேமிக்கும் பழக்கத்தில் கன்ட்ரோல்-எஸ் தட்டிவிட்டு, விழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

நிறத்துக்கு வருகிறேன். டியூபின் உட்புறம் பூசிய பாஸ்பர்தான் நிறம். பச்சை, ஆம்பர், வெள்ளை என்று மூன்று வகையாக விற்றார்கள். பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சி என்பது நம் ஊரில் நிரூபணம் தேவைப்படாத உண்மை. வயலைப் பார்த்தால் தெரியாதா? ஆம்பர் என்றால் உஷ்ணம். வெளிநாட்டு விளம்பரங்களில் ஆம்பர்தான் கண்ணுக்கு இதம் என்று எழுதியிருந்தார்கள், ஆனால் விளம்பரம் எழுதியவர்கள் எங்கள் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவர்கள் அல்ல. ஆம்பர் டப்பா யார் மேசைக்கு வந்ததோ அவர் கண் எரிகிறது என்றார், இளநீர் குடித்தார், விளக்கெண்ணெய் வைத்துக்கொண்டார், கடைசியில் யூனியன் ஆளைப் பிடித்துச் சீட்டையே மாற்றிக்கொண்டார்.

கண்ணாடியில் டியூப் லைட் பிரதிபலிக்கும். முதுகுக்குப் பின்னால் நிற்கும் மேலதிகாரியும் பிரதிபலிப்பார். (பின்னது ஒரு வசதி என்பது பிறகுதான் தெரிந்தது.) அதற்காக ரிச்சி தெருவிலிருந்து கறுப்பு ஃபில்டர் கண்ணாடி வாங்கி மாட்டினோம். ஒளி மங்கியது. ஒளியைக் கூட்டினோம். ஒளியைக் கூட்டியதால் பாஸ்பர் சீக்கிரம் தேய்ந்தது. ஒரே மெனு வருஷம் முழுக்கத் திரையில் நின்றால் எழுத்துகள் கண்ணாடியிலேயே சுட்டுப் பதிந்துவிடும். சம்பளப் பிரிவு டப்பாவை அணைத்த பிறகும் அதில் மெனுவை முழுசாகப் படிக்கலாம். புது டெர்மினல் கேட்டுக் குறிப்பு எழுதினோம். நிர்வாகத்திலிருந்து ஒருவர் நேரில் வந்து பார்த்துவிட்டு, 'எழுத்து நன்றாகத்தானே தெரிகிறது' என்று எழுதிக் கோப்பைத் திருப்பிவிட்டார். டப்பா அப்போது அணைந்திருந்தது.

சரஸ்வதி பூஜைக்கு எல்லா டப்பாவுக்கும் சந்தனம், குங்குமம். பொட்டு கண்ணாடியின் நெற்றி நடுவில் விழும். அதாவது முதல் வரியின் நாற்பதாவது எழுத்தை ஒட்டி. அந்தப் பச்சைத் திரைகள் தம் ஆயுளில் கண்ட ஒரே சிவப்பு அதுதான். பொட்டைத் துடைக்க யாருக்கும் மனம் வராது. தீபாவளி வரை முதல் வரியின் நடுவில் என்ன இருக்கிறது என்று ஊகித்தே வேலை நடந்தது.

பிறகு பி.சி. வந்தது. தனக்கென்று மூளை உள்ள பெட்டி. அதைப் பெரிய விலை கொடுத்து வாங்கி, மேசையில் வைத்து, முதல் வேலையாக மூளை இல்லாத டப்பாவாக நடிக்கச் சொன்னோம். டெர்மினல் எமுலேஷன் என்பது அதுதான். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1981-இல் தொடங்கிய கெர்மிட் நிரல், ஃபிளாப்பி ஃபிளாப்பியாகக் கைமாறி எங்கள் வரை வந்து சேர்ந்தது. தொலைக்காட்சிப் பொம்மைத் தவளை ஒன்றின் பெயரை அதற்கு வைத்திருந்தார்கள் என்பது எங்களுக்கு வெகு காலம் கழித்துத்தான் தெரியும். அதுவரை யாரோ ஒரு பேராசிரியர் என்று மரியாதையாக நினைத்திருந்தோம். பி.சி.க்குத் திரையில் 25 வரி, டப்பாவுக்கு 24. மிஞ்சிய ஒரு வரியில் கெர்மிட் தன் நிலவரத்தை எழுதிக்கொண்டது.

இப்போது நிறமும் வந்துவிட்டது. முன்னால் எழுத்துக்கு 30 முதல் 37 வரை எட்டு எண்கள், பின்னணிக்கு 40 முதல் 47 வரை எட்டு. 31 சிவப்பு, 32 பச்சை, 33 மஞ்சள், 44 நீலப் பின்னணி. மொத்தம் 64 சேர்க்கை. அவற்றில் எட்டில் எழுத்தும் பின்னணியும் ஒரே நிறம். அலுவலகத்தில் யாராவது ஒருவர் அந்த எட்டில் ஒன்றைத் தேடிப் பிடிப்பார் என்பது நிச்சயம்தான். பர்ச்சேஸ் பிரிவு இளைஞர் ஒருவர் நீலத்தின் மேல் நீலம் வைத்துவிட்டு, கம்ப்யூட்டர் செத்துப்போச்சு என்று போன் செய்தார். போய்ப் பார்த்தால் எதுவும் சாகவில்லை. எல்லா ஆர்டரும் அங்கேயேதான் இருந்தது, நீலமாக.

கெர்மிட் காலத்தில்தான் ஒன்று புரிந்தது: மறுமுனையில் இருக்கும் யூனிக்ஸ் இயந்திரத்துக்குக் கண் கிடையாது. 'டெர்ம்' என்ற மாறியில் நாம் என்ன எழுதிவைக்கிறோமோ அதை அப்படியே நம்பும். விடி100 என்று எழுதினால் விடி100-க்குப் புரியும் குறிகளை அனுப்பும். வைஸ்60 என்று எழுதினால் வேறு குறிகள். எந்த டெர்மினலுக்கு எந்தக் குறி என்ற பட்டியலை பெர்க்லியில் பில் ஜாய் தொடங்கிவைத்தார். வி-ஐ எடிட்டரை எழுதியவரும் அவரே. ஏ.டி.எம்-3ஏ என்ற டெர்மினலில் உட்கார்ந்து எழுதினார். அதில் தனி அம்பு விசைகள் கிடையாது, எச், ஜே, கே, எல் எழுத்துகளின் மேலேயே அம்புகளை வரைந்திருந்தார்கள். இன்றும் உலகம் முழுக்க வி-ஐ பக்தர்கள் அந்த நான்கு எழுத்துகளால்தான் கர்சரை நகர்த்துகிறார்கள். பழக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தால் அது ஒரு விசைப்பலகையின் சிக்கனம்.

பொய்யான டெர்ம் சொன்னால் வரும் விபரீதம் ஒருவகை. படிக்கக்கூடாத கோப்பைத் திரையில் ஓடவிட்டால் வருவது இன்னொரு வகை.

"சார், கொஞ்சம் வாங்க சார். என் ஸ்கிரீன்ல பேய் புகுந்துருச்சு."

சம்பளப் பிரிவு அக்கா ஒரு நிரல் கோப்பை அப்படியே திரையில் கொட்டியிருப்பார். அதற்குள் எங்கேயோ 14-ஆம் எண் குறி ஒன்று கிடந்திருக்கும். அதைக் கண்டதும் டெர்மினல், கட்டம் போடுவதற்காக வைத்திருக்கும் கோட்டு எழுத்துகளுக்குத் தாவிவிடும். அதற்கு மேல் எதைத் தட்டினாலும் மூலைகள், குறுக்குக் கோடுகள், சதுரங்கள். தலைமை ஆபரேட்டர் வருவார். திரையைப் பார்க்கவே மாட்டார், பார்த்துப் பயனில்லை. குனிந்து விசைப்பலகையில் ஐந்து எழுத்து தட்டுவார்: ஆர், இ, எஸ், இ, டி. தட்டும்போதும் கோடுகள்தான் விழும். பிறகு எழுத்துகள் திரும்பி வந்துவிடும். அக்கா கன்னத்தில் போட்டுக்கொள்வார். ஆபரேட்டருக்கு மந்திரம் தெரியும் என்று அந்தப் பிரிவில் பலர் நம்பினார்கள், அவரும் மறுக்கவில்லை. அந்த ஐந்தெழுத்து இன்றைக்கும் பலிக்கிறது என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். இந்தியாவில் பொதுமக்களுக்கு இன்டர்நெட்டைத் திறந்துவிட்டது. பணக்காரர்களுக்குப் படங்களோடு கூடிய இணைப்பு. மற்றவர்களுக்கு ஷெல் கணக்கு: மோடம் கீச்சிட்டு முடிந்ததும் உலகம் முழுக்கத் திரண்டு வந்து, விடி100-இன் 24 வரிக்குள் உட்காரும். பைன் நிரலில் அஞ்சல், லின்க்ஸ் நிரலில் வலை. படம் இருக்கும் இடத்தில் பகர அடைப்புக்குள் 'இமேஜ்' என்று மட்டும் இருக்கும். நண்பர் ஒருவர் தன் அபிமான நடிகையின் பக்கத்தைத் தேடிக் கண்டுபிடித்து, கதவைச் சாத்திவிட்டுத் திறந்தார். பக்கம் முழுக்க 'இமேஜ்', 'இமேஜ்', 'இமேஜ்'. விண்டோஸ் 95-ஓடு வந்த ஹைப்பர்டெர்மினலைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. இருந்தது; விஸ்டா வந்தபோது எடுத்துவிட்டார்கள்; சீரியல் போர்ட் வைத்திருந்த சிலர் தவிர யாரும் அழவில்லை.

அழவைத்தது புட்டி. இங்கிலாந்தில் சைமன் டேத்தம் எழுதி 1999-இல் வெளியிட்ட நிரல்; ஒரே கோப்பு, இலவசம், அன்றைக்கு ஃபிளாப்பியில் பாதிகூட நிரம்பாது. நல்ல நிரல், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் திரை அமைப்பை மாற்றுவதற்கு அது வைத்திருக்கும் சடங்கு ஒரு தலைமுறையைச் சோதித்தது. இடப்பக்கம் மரம் மரமாகத் தலைப்புகள்: விண்டோ, அப்பியரன்ஸ், டிரான்ஸ்லேஷன், கலர்ஸ். அங்கே போய் எழுத்துருவை மாற்றி, நிறத்தை மாற்றி, கர்சரை மாற்றி, திருப்தியாக 'ஓப்பன்' அழுத்தினால் எல்லாம் நினைத்தபடியே தெரியும். மறுநாள் காலை எதுவும் இருக்காது. மாற்றிய பிறகு மரத்தின் உச்சியில் உள்ள செஷன் பக்கத்துக்குத் திரும்பி ஏறி, பெயரைத் தேர்ந்து 'சேவ்' அழுத்த வேண்டும். அதற்கும் முன்னால், மாற்றத் தொடங்கும்போதே 'லோட்' அழுத்தியிருக்க வேண்டும். இல்லையென்றால் வேறொரு சர்வரின் அமைப்புக்கு மேல் புது அமைப்பு போய் உட்கார்ந்துகொள்ளும்.

இதில் லினக்ஸ் வேறு தன் பங்குக்கு ஒன்று செய்தது. கோப்புப் பட்டியலில் அடைவுகளின் பெயரை நீலத்தில் காட்டியது. புட்டியின் நீலமோ அடர் நீலம்: சிவப்பு 0, பச்சை 0, நீலம் 187. பின்னணி கறுப்பு. ஆக, எந்த அடைவுக்குள் போக வேண்டுமோ அதன் பெயர் மட்டும் தெரியாது. உலகத்தில் எத்தனை ஆயிரம் பேர் அந்தக் கறுப்பில் மூக்கை வைத்து நீலத்தைத் தேடியிருப்பார்கள்! கலர்ஸ் பக்கத்தில் போய் அந்த 187-ஐக் கொஞ்சம் வெளுக்க வைப்பது ஒரு நிமிட வேலைதான். ஆனால் பிறகு மேலே ஏறி 'சேவ்' அழுத்த வேண்டுமே.

இதெல்லாம் பழங்கதை. இப்போது என் அக்கா மகன் சிறுசேரியில் ஒரு மென்பொருள் கம்பெனியில் வேலை செய்கிறான். வீட்டிலிருந்தே வேலை பார்க்கிற நாளில் அவன் அறைக்குப் போனேன். 27 அங்குல மானிட்டர். அதில் ஆம்பர் நிறத்தில், கொஞ்சம் புடைத்த கண்ணாடிக்குப் பின்னால், எழுத்துகள் நடுங்கிக்கொண்டிருந்தன. அவ்வப்போது திரை ஒருமுறை இடப்பக்கம் இழுத்துத் திரும்பியது.

"என்ன மாப்ள, மானிட்டர் போச்சா? வாரன்ட்டி இருக்கா?"

"ஐயோ மாமா, இது தீம். கூல் ரெட்ரோ டெர்ம்."

அமைப்புப் பக்கத்தைத் திறந்து காட்டினான். ஒவ்வொன்றுக்கும் ஒரு நகர்த்தி. 'பர்ன்-இன்': எழுத்து எவ்வளவு நேரம் கண்ணாடியில் சுட்டுக்கொண்டு நிற்க வேண்டும். 'ஜிட்டர்': எவ்வளவு நடுங்க வேண்டும். 'ஃபிளிக்கரிங்': எவ்வளவு மினுக்க வேண்டும். 'ஸ்டாட்டிக் நாய்ஸ்', 'ஸ்க்ரீன் கர்வேச்சர்', 'ஹாரிசான்டல் சிங்க்'. கடைசியில் சொன்னது எங்கள் காலத்தில் வந்தால் பராமரிப்பு ஒப்பந்த இன்ஜினீயருக்குப் போன் போட்டு, அவர் வரும் வரை டப்பாவின் பக்கவாட்டில் தட்டிக்கொண்டிருப்போம். இவன் அதை 30 சதவீதம் வைத்திருந்தான்.

"எதுக்குடா இது?"

"ஒரு ஃபீல் மாமா."

இவன் ஒருவன் மட்டும் இப்படி இல்லை. மைக்ரோசாஃப்ட் 2019-இல் அறிவித்து 2020 மே மாதம் முதல் பதிப்பாக வெளியிட்ட விண்டோஸ் டெர்மினலிலும் பழைய டியூப் மாதிரி கோடு விழச் செய்யும் வசதி இருக்கிறது. முதல் பதிப்பில் அதற்கு அமைப்புகள் எல்லாம் ஜேசன் கோப்பாகவே இருந்தன. ஒரு காற்புள்ளியைத் தப்பாக வைத்தால் அமைப்பு ஏறாது. கிராஃபிக்ஸ் அட்டையைக் கொண்டு எழுத்து வரையும் டெர்மினல்கள் வேறு வந்துவிட்டன; அவற்றில் ஒன்றான கிட்டி, காலிபர் மின்னூல் நிரலை எழுதிய நம் இந்தியர் கோவிட் கோயல் எழுதியது. சோலரைஸ்டு, டிராகுலா என்று நிறத் தொகுப்புகள். சமக்குறிக்குப் பக்கத்தில் 'விடப் பெரிது' குறி வந்தால் இரண்டையும் ஒட்டி அம்பாக்கிக் காட்டும் எழுத்துருக்கள். பின்னணிக்குக் கண்ணாடித்தன்மை வைத்துக்கொள்ளலாம். எழுத்துக்குப் பின்னால் மலையும் அருவியும் தெரியும். நாங்கள் பின்னால் எதுவும் தெரியக்கூடாது என்று காசு கொடுத்து ஃபில்டர் வாங்கியவர்கள். ஒரு கோடியே 67 லட்சம் நிறங்களை அவன் திரை காட்டும். அத்தனையையும் பார்த்துவிட்டு அவன் தேர்ந்தெடுத்தது ஆம்பர். எங்கள் கணக்குப் பிரிவில் யாரும் உட்கார மறுத்த அந்த ஆம்பர்.

அவனைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. எட்டு மணி நேரம் அந்த நடுக்கத்தைப் பார்க்கக் கட்டாயப்படுத்தினால் மறுநாளே நகர்த்தியைப் பூஜ்யத்துக்கு இழுத்துவிடுவான். வேண்டாதபோது நிறுத்த முடிகிற அவஸ்தைக்குப் பெயர்தான் ஃபீல்.

ஒன்றை மட்டும் அவன் மாற்றியிருக்கவில்லை. புது ஜன்னல் திறக்கச் சொன்னேன். திறந்தது: 80 எழுத்து, 24 வரி. புட்டியும் அப்படித்தான் திறக்கும், மேக்கின் டெர்மினலும் அப்படித்தான், குனோம் டெர்மினலும் அப்படித்தான். லினக்ஸ் கெர்னல் எழுதுபவர்கள் 2020-இல்தான், வரிக்கு 80 என்ற எச்சரிக்கையை 100-க்கு உயர்த்த ஒப்புக்கொண்டார்கள். துளை அட்டைக்கு அப்போது வயது 92.

"சரி மாப்ள, இதுல தமிழ்ல ஏதாவது அடி."

இந்தக் கேள்வியை நான் பாதி வாழ்க்கையாகக் கேட்டுவருகிறேன். 1980-களின் இறுதியில் புனேயின் சி-டாக் நிறுவனம் ஜிஸ்ட் அட்டை என்று ஒன்றைக் கொண்டுவந்தது, ஐ.ஐ.டி. கான்பூரில் தொடங்கிய ஆராய்ச்சி. பி.சி.க்குள் செருகினால் டாஸ் திரையில் தமிழ் உட்பட இந்திய எழுத்துகள் தெரியும். அட்டை இல்லாத பெட்டியில் தெரியாது. பிறகு திஸ்கி, டாப், டாம் என்று ஆளுக்கொரு குறியேற்றம். பிறகு யூனிகோடும் யூடிஎஃப்-8-உம் வந்து, ஒரு தமிழ் எழுத்துக்குறிக்கு மூன்று பைட் என்று ஆயிற்று. புட்டியின் டிரான்ஸ்லேஷன் பக்கத்தில் யூடிஎஃப்-8 என்று மாற்றாதவர்களுக்கு அந்த மூன்று பைட்டும் மூன்று ஐரோப்பியக் குறிகளாக வந்து விழும். க, ச, த என்று எந்த உயிர்மெய்யை எடுத்தாலும் இரண்டாவதாக வருவது வட்டத்துக்குள் ஆர், அதாவது பதிவு பெற்ற வணிகச் சின்னத்தின் குறி. திரை முழுக்க அந்தக் குறியைப் பார்த்தால் தமிழை யாரோ சொந்தப் பேரில் பதிவு செய்துவிட்டார்கள் என்றுதான் தோன்றும்.

இப்போது யூடிஎஃப்-8 எங்கும் தானாகவே இருக்கிறது. அவன் 'மின்' என்று அடித்தான். கீழே 'மீன்' என்று அடித்தான். கர்சர் இரண்டு வரியிலும் ஒரே இடத்தில் நிற்க வேண்டும் என்று நீங்கள் நினைக்கலாம். அல்லது நெடிலுக்குக் கொஞ்சம் தள்ளி நிற்கலாம் என்று நினைக்கலாம். 'மின்' மூன்று கட்டம் பிடித்தது. 'மீன்' இரண்டு கட்டம்.

காரணம் இதுதான். டெர்மினல் இன்னும் கட்டங்களால் ஆனது. விடி-220 காலத்திலிருந்து அதில் மாற்றமில்லை. ஒவ்வொரு எழுத்துக்குறியும் எத்தனை கட்டம் பிடிக்கும் என்று ஒரு பட்டியல் வேண்டும். கேம்பிரிட்ஜில் மார்க்கஸ் கூன் எழுதிய சிறு நிரல்துண்டு அதற்கு வழிகாட்டியது. புட்டி உட்படப் பலர் எடுத்துக்கொண்டார்கள். பட்டியல் யூனிகோடின் வகைப்பாட்டை நம்புகிறது. அந்த வகைப்பாட்டில் தமிழின் துணைக்கால், கொம்பு, இகரக் கொக்கி எல்லாம் இடம் பிடிப்பவை; புள்ளியும் ஈகாரக் கொக்கியும் இடம் பிடிக்காதவை. ஆகவே ககர இகரத்துக்கு இரண்டு கட்டம், ககர ஈகாரத்துக்கு ஒன்று. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என்று தொல்காப்பியர் விதித்துவிட்டுப் போனார். டெர்மினலில் இகரத்தையும் ஈகாரத்தையும் பொறுத்தவரை அது தலைகீழ். மெய்க்கு முழுக் கட்டம் கொடுத்து மரியாதை செய்திருக்கிறார்கள்.

'கொக்கு' என்று அடித்தால் இன்னும் வேடிக்கை. முன்னால் வர வேண்டிய கொம்பு சில டெர்மினல்களில் பின்னால் வந்து நிற்கும், சிலவற்றில் வெற்று வட்டத்தைச் சுமந்துகொண்டு தனியே நிற்கும். சில புது டெர்மினல்கள் எழுத்தை முழு எழுத்தாகப் பார்க்கத் தொடங்கியிருக்கின்றன. அங்கே வேறு சிக்கல்: டெர்மினல் ஒரு கணக்குப் போடுகிறது, உள்ளே ஓடும் எடிட்டர் பழைய கணக்கைப் போடுகிறது, கர்சர் ஓர் இடத்திலும் அழிபடும் எழுத்து இன்னோர் இடத்திலும் இருக்கின்றன.

அக்கா மகன் அமைப்புப் பக்கத்தை மேலும் கீழும் தேடினான். மினுக்கலுக்கு நகர்த்தி இருந்தது. நடுக்கத்துக்கு இருந்தது. தமிழ் எழுத்து ஒழுங்காக உட்கார ஒன்றுமில்லை.

"ரீசெட் பண்ணிப் பார்க்கவா மாமா?"

அந்த மந்திரம் இதற்குப் பலிக்காது. புட்டி, கிட்டி, விண்டோஸ் டெர்மினல், குனோம் டெர்மினல் எல்லாமே மூலநிரல் திறந்து கிடப்பவை. பிழையை எழுதி அனுப்பக் காசு கேட்பதில்லை, பேனா முனைக்காக யாரிடமும் போய் நிற்கவும் வேண்டாம். இதைப் படிப்பவர்களில் மென்பொருள் வேலையில் இருப்பவர்கள் இன்றைக்கே உங்கள் டெர்மினலைத் திறந்து, 'மின்', 'மீன்', 'கொக்கு' மூன்றையும் அடித்துப் பாருங்கள். கர்சர் எங்கே நிற்கிறது, எங்கே நிற்க வேண்டும் என்று திரைப்பிடிப்போடு எழுதி அனுப்புங்கள்.